மே மாத ராத்திரியில் 15 சுற்று: ஒரு சின்ன மாரத்தான், ஓடிப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த வருஷமும் இது நடந்தால் நான் போவேன். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கல்லூரி வளாகம், மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ராத்திரி 11 மணிக்குத் தொடக்கம், 2.813 கிலோமீட்டர் சுற்றை 15 தடவை ஓடினால் சரியாக 42.195 கிலோமீட்டர். முழு மாரத்தானுக்கு 60 பேர் சொச்சம், அரை மாரத்தானுக்கு அதைப் போல இரண்டு மடங்கு இருப்பார்கள், அவ்வளவுதான் கூட்டம். குறைகள் இருக்கின்றன, அதில் இரண்டு சின்ன விஷயம் இல்லை, அதை விவரமாகவே எழுதுகிறேன். நடத்திய குழுவின் பெயரைப் போடவில்லை. ஓடுகிற நாலைந்து நண்பர்கள் சேர்ந்து கைக்காசைப் போட்டு நடத்துவது, இந்த மாதிரிச் சின்ன ஓட்டங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே சங்கடங்கள்தான் வரும், அதனால் இப்படி ஒன்றில் சேர்வதற்கு முன்னால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

“கத்திரி வெயில்ல யாராவது மாரத்தான் வைப்பாங்களாடா” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது, நம் ஊரில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பிப்ரவரியோடு நீண்ட தூரத்தை நிறுத்திவிட்டு ஜூலை வாக்கில் மறுபடி ஆரம்பிப்பார்கள். மே மாதத்தில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ராத்திரியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ராத்திரி என்பதாலேயே குளுமையாக இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் மூன்றாவது சுற்றிலேயே தடுமாறியதைப் பார்த்தேன். வெயில் இல்லை, சரி. ஆனால் கடற்கரை ஊரில் மே மாத ராத்திரி 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, அப்படியே ஒரு டிகிரி இறங்கினாலும் காற்றில் இருக்கிற நீராவி எங்கேயும் போய்விடுவதில்லை. ஒரு லிட்டர் வியர்வை உடம்பிலிருந்து முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், ஆனால் ஆவியானால்தான், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது லேசில் ஆவியாகாது. முழங்கையிலிருந்து சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் குளிர்ச்சியே கிடையாது, தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். அன்றைக்கு இரண்டாவது சுற்று முடியும்போதே என் ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

சுற்றுப் பாதை என்றால் பலருக்கு முகம் சுளிக்கும். ஒரே மரம், ஒரே கட்டடம், ஒரே வளைவு, 15 தடவை, சலிப்பாக இருக்காதா? எனக்கும் போகும் வரை அந்தச் சந்தேகம் இருந்தது. ஓடி முடித்த பிறகு சொல்கிறேன், கோடையில் சுற்றுப் பாதையைத் தவிர வேறு எந்தப் பாதையிலும் மாரத்தான் வைக்கவே கூடாது. தொடங்கும் இடத்தில் பெரிய மேசை ஒன்று, நேர் எதிர்ப்பக்கம் விடுதிக்குப் பின்னால் சின்ன மேசை ஒன்று, ஆக 1.4 கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர். தலைசுற்றினாலும் எந்த இடத்திலிருந்தும் முக்கால் கிலோமீட்டர் நடந்தால் ஒரு நாற்காலியும் ஒரு மனிதரும் கிடைப்பார்கள். அதைவிட முக்கியமானது, ஒரே ஆள் உங்கள் முகத்தை 15 தடவை பார்க்கிறார். நேர்ப்பாதை மாரத்தானில் 30ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கிற பையனுக்கு நீங்கள் 10ஆவது கிலோமீட்டரில் எப்படி இருந்தீர்கள் என்று தெரியாது. இங்கே தெரியும். முதல் சுற்றில் சிரித்துக்கொண்டு போனவர் ஒன்பதாவது சுற்றில் கண் நிலைகுத்திப் போய் வந்தால் அந்த மேசையில் இருக்கிறவர்களுக்கு உடனே உறைக்கும். அன்றைக்கு அப்படி உறைத்து இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒருவர் அரை மணி நேரம் கழித்து எழுந்து நடந்தே முடித்தார், இன்னொருவரை அனுப்பவில்லை.

அங்கே இருந்த மருத்துவர் ஒரு மடக்கு நாற்காலியைப் பாதையின் ஓரத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார், கூடாரத்துக்குள் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு கடந்து போகிற ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார்: “இது எத்தனாவது சுத்து?” முதலில் சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பத்தாவது சுற்றுக்கு அப்புறம்தான் புரிந்தது. வெப்பம் தலைக்கு ஏறுகிறது என்பதற்கு முதல் அடையாளங்களில் ஒன்று குழப்பம், உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது ஆளுக்குப் பேச்சு முன்னே பின்னே போகும், அந்த நேரத்தில் “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றுதான் அவர் சொல்வார். அதனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட எண்ணிக்கையைக் கேட்பது எவ்வளவோ மேல். அவருக்குப் பின்னால் குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ். யாருக்காவது வெப்பத்தாக்கு வந்தால் முதலில் அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீரில் அமுக்கி உடம்பைக் குளிர வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். பெரிய பெரிய ஓட்டங்களிலேயே இந்தத் தொட்டியை நான் தேடிப் பார்த்துக் காணாமல் திரும்பியிருக்கிறேன். 60 பேர் ஓடுகிற ஓட்டத்தில் அதை வைத்திருந்தார்கள் என்பதற்காகவே இவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019 செப்டம்பரில் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை இதே முறையில்தான் நடத்தினார்கள். ராத்திரி 11.59க்குத் தொடக்கம், கடற்கரையோரம் 7 கிலோமீட்டர் சுற்று, 30 டிகிரிக்கு மேல் சூடு, அதோடு கடும் புழுக்கம். தொடங்கியவர்கள் 68 பேர், அதில் 28 பேர் பாதியில் நின்றார்கள். வென்றவருக்கே 2 மணி 32 நிமிடம் 43 விநாடி ஆனது, உலகப் போட்டிகளில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் இவ்வளவு மெதுவான நேரத்தில் வென்றதில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரிகள் அவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், வேலைக்குப் போய்விட்டு வந்து ஓடுகிற நாம் நேரத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. எனக்கு ஜனவரியில் 4 மணி 20 நிமிடம். இங்கே 5 மணி 12 நிமிடம். முதல் எட்டுச் சுற்று ஒவ்வொன்றும் 19 நிமிடத்தை ஒட்டி, அப்புறம் 22, 23 என்று போனது. அதைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

இனி மேசை. இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். உப்புத் தூவிய தர்பூசணித் துண்டு, பாதி பாதியாக நறுக்கிய வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்துத் தோலோடு வெட்டிய சின்ன உருளைக்கிழங்கு, நுங்கு, வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் தட்டிப் போட்ட பானகம், நீர்மோர், இரண்டு மணிக்கு மேல் சுக்கு காபி. ஓடும்போது தெம்புக்காகப் பிழிந்து சாப்பிடுகிற ஜெல் பாக்கெட் ஒன்றுகூட இல்லை, வேண்டுமென்றால் நீங்களே கொண்டுவர வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தார்கள். நான் நான்கு ஜெல் எடுத்துப் போனேன், இரண்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்த உருளைக்கிழங்கும் பானகமும் ஓட்டம் முழுவதற்கும் போதும், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழாவது சுற்றில் வாய் முழுக்கத் தித்திப்பாக இருக்கும்போது ஒரு உருளைக்கிழங்கைக் கல் உப்பில் தொட்டு வாயில் போட்டால் வருகிற ஆறுதல் ஓடியவர்களுக்குத்தான் தெரியும்.

ஓ.ஆர்.எஸ். கலக்கியதைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். 20 லிட்டர் கேனுக்கு 20 பாக்கெட், ஒரு மாணவி எண்ணி எண்ணிப் பிரித்துப் போட்டதை ஓட்டத்துக்கு முன்னால் நானே பார்த்தேன். ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்பது பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், ஆனாலும் வேறொரு ஓட்டத்தில் அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு பாக்கெட்டைக் கொட்டிக் கொடுத்து, அதைக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அது அதிகம். சுற்றுப் பாதையில் மேசை அடிக்கடி வருவதால் இந்தத் தப்பு நடக்க வாய்ப்பு கூடுதல், ஒவ்வொரு தடவையும் கை தானாகவே டம்ளருக்குப் போகும். நான் ஒரு சுற்றுக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டேன், தாகம் எடுத்தால் எதிர்ப்பக்க மேசையில் இன்னொன்று. சின்ன மேசையில் இருந்த தம்பிகளிடம் தலையில் ஊற்றத் தனியாக வாளியும் குவளையும் இருந்தன. அதை எல்லாச் சுற்றிலும் பயன்படுத்தினேன்.

நீர்மோரில் மட்டும் குறை. முதல் நான்கைந்து சுற்று வரை அமிர்தம். ஒரு மணிக்கு மேல் அந்தப் புழுக்கத்தில் புளித்துவிட்டது, அதற்கப்புறமும் அதையே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தோடு கறிவேப்பிலையும் இஞ்சித் துணுக்கும் வடிகட்டாமல் அப்படியே இருந்தன, மூச்சு வாங்கிக்கொண்டு குடிக்கும்போது ஒரு கறிவேப்பிலை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அரைச் சுற்று இருமிக்கொண்டே ஓட வேண்டும். வடிகட்டி, குறைவாகக் கலக்கி, தீரத் தீரப் புதிதாகக் கலக்கினால் போதும்.

ஐஸ் தீர்ந்துபோனதுதான் நான் சொன்ன பெரிய குறை. இரண்டரை மணி இருக்கும், நான் பத்தாவது சுற்றை முடித்து வரும்போது குடிக்கிற தண்ணீரில் ஐஸ் இல்லை. கழுத்தில் போடுகிற துண்டை நனைக்கிற வாளியிலும் இல்லை. ஒரு பையன் நல்லெண்ணத்தோடு தொட்டிக்கு வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறக்கப் போக, மருத்துவர் எழுந்து வந்து மூடினார், “அதுல ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது” என்று சொல்லிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 40 நிமிடம், அதுவும் எல்லோரும் தளர்ந்துபோயிருக்கிற நேரத்தில், நாங்கள் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஓடினோம். அப்புறம் யாரோ பைக்கில் போய்க் கோவளம் பக்கத்திலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளம் இரண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதை உடைத்துத் துண்டில் முடிந்து கழுத்துக்குக் கொடுத்தார்கள், “குடிக்கக் கூடாது, கழுத்துக்கு மட்டும்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள், அந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தது. இருந்தாலும் மே மாதத்தில் எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடாதது மன்னிக்கக்கூடிய மறதி இல்லை. பின்னால் ஓடுகிறவர்கள்தான் அதிக நேரம் வெக்கையில் இருப்பவர்கள், அவர்களுக்குத்தான் எப்போதும் தீர்ந்துபோகிறது. முன்னால் போகிறவர்களின் வேகத்தை வைத்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது குறை சுற்று எண்ணிக்கை. நெஞ்சில் குத்துகிற எண்ணட்டைக்குப் பின்னால் சிப், தொடக்க இடத்தில் தரையில் விரிப்பு, பக்கத்தில் ஒரு திரை, அதில் உங்கள் பெயரும் எத்தனையாவது சுற்று என்பதும் வரும். நல்ல ஏற்பாடுதான். ஒன்பதாவது சுற்று முடியும்போது ஈரத் துண்டைக் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் தொங்கவிட்டுக்கொண்டு விரிப்பைத் தாண்டினேன், அந்தச் சுற்றே பதிவாகவில்லை. இந்த வகைச் சிப்புக்குத் தண்ணீர் எதிரி, ஈரத்துணி மேலே மூடினால் ரேடியோ அலை போய்ச் சேராது. துண்டைக் கொடுப்பவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பத்தாவது முடித்து வரும்போது திரையில் 9 என்று காட்டுகிறது. 28 கிலோமீட்டர் ஓடிய உடம்புக்கு அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அழுகையே வந்துவிட்டது. நல்லவேளையாக நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். “அண்ணா, நோட்டுல பத்து இருக்கு. நீங்க ஓடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றாள். அந்தப் பெண் மட்டும் இல்லையென்றால் நான் ஒரு சுற்று கூடுதலாக ஓடியிருப்பேன்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. திரையை நம்பி ஒருவர் 16 சுற்று ஓடினார். இன்னொருவர் தானே தப்பாக எண்ணி 14இல் நின்று, ஷூவைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு அவரிடம் போய் இன்னும் ஒன்று பாக்கி என்று சொன்னார்கள். அவர் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முடிவுப் பட்டியல் சரியாகி வர இரண்டு நாள் ஆனது, நடத்தியவர்கள் தனித்தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சுற்று ஓட்டத்துக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் சொந்தக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் 15 ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக அடுத்த கைக்கு மாற்றலாம். அன்றைக்கு அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இடுப்புப் பையில் 15 புளியங்கொட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு சின்னச் சொம்பில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். ணங் என்று சத்தம் வரும். நான்காவது சுற்றுக்கு மேல் அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்குக் கணக்கில் ஒரு பிசகும் வரவில்லை.

பாதையை அளந்த விதத்தில் எனக்குத் திருப்தி. எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் உள் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்திருந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார்கள். சுற்றில் 10 மீட்டர் தப்பு என்றால் 15 சுற்றில் 150 மீட்டர் ஆகிவிடும், அதனால் சின்னச் சுற்றாக இருந்தால் அளவில் கூடுதல் கவனம் வேண்டும். என் கடிகாரம் 42.9 காட்டியது. மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஜி.பி.எஸ். கொஞ்சம் அலையும், மிச்சம் நம் கால் செய்வது. ஒரு முழு வட்டத்தில் இரண்டு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் சுற்றுக்கு 12 மீட்டருக்கு மேல் கூடும், 15 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 190 மீட்டர். கடிகாரத்தைக் காட்டிச் சண்டை போட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அரை மாரத்தானுக்கு ஏழரைச் சுற்று வருகிறது என்பதால் அவர்களை எதிர்ப்பக்க வாசலிலிருந்து தொடங்க வைத்தது நல்ல யோசனை. முடிக்கிற இடம் எல்லோருக்கும் ஒன்றாக அமைந்தது, தொடக்கத்தில் நெரிசலும் இல்லை.

ஆனால் 15 சுற்றும் ஒரே திசை. இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து ஓடியதில் பன்னிரண்டாவது சுற்றில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது, எழுதும்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்டேடியத்துக்குள் நடக்கிற 12 மணி, 24 மணி ஓட்டங்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுவார்கள். இங்கேயும் அரை மாரத்தான்காரர்கள் எல்லோரும் முடித்த பிறகு மாற்றலாம், அப்போது எதிரும் புதிருமாக மோத ஆளிருக்காது.

விடுதிக்குப் பின்னால் ஏரிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு 600 மீட்டர். அங்கே இரண்டே விளக்கு, நடுவில் வெள்ளை அடிக்காத ஒரு வேகத்தடை. நெற்றி விளக்கு கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள், ஆனாலும் கால் தூக்க முடியாத கடைசி மணி நேரத்தில் அந்தத் தடையில் நான் ஒருமுறை, எனக்கு முன்னால் ஒருவர் ஒருமுறை தடுக்கினோம். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், இல்லையென்றால் ஒளிரும் பட்டை ஒட்டிய நாலு கோன், வேறெதுவும் வேண்டாம். பாம்புக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள், புல்லை வெட்டி, இரண்டு காவலாளிகளை டார்ச்சோடு நிறுத்தியிருந்தார்கள், ஒன்றும் தென்படவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும், எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. தொடக்கத்தில் நிலா உச்சியில், தண்ணீர் வற்றிப்போன ஏரியில் மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரில் அது தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது மேற்கே இறங்கிக்கொண்டே போனது, கடைசிச் சுற்றில் மரக்கிளைகளுக்குக் கீழே மஞ்சளாகத் தொங்கியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. சலிப்பு என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்த 600 மீட்டரைத்தான்.

மூன்றிலிருந்து மூன்றரை மணி வரைக்கும் தூக்கம் கொல்லும். கால் வலியைவிட அது கஷ்டம். பகல் மாரத்தான் ஓடியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அந்த நேரத்தில் சுக்கு காபியைக் கையில் கொடுத்து, எண்ணட்டையில் தமிழில் பெரிதாக அச்சடித்திருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டு, கூடவே நூறடி ஓடி வந்தார்கள் அந்த மாணவர்கள். சின்ன ஓட்டத்தில்தான் இது முடியும். கேன்டீன் மாஸ்டர் ஒருவர் ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே நின்றார், கடைசி ஆள் வந்து சேர்ந்தபோது அவருக்கும் காபி சூடாகவே இருந்தது.

கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுத்த கெடு, ஆறரை மணி நேரம், அதாவது காலை 5.30. மே மாதத்தில் இங்கே சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் உதிக்கும், அதற்கு முன்னால் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இதில் நீட்டிப்பே கிடையாது என்று கறாராக இருந்தது எனக்குப் பிடித்தது. கட்டணம் 1,100 ரூபாய், டீ-ஷர்ட் வேண்டாம் என்றால் 250 குறைவு. பதக்கம் மரத்தில் செய்தது, கனமில்லாமல் நன்றாக இருக்கிறது. கழிப்பறை விடுதியினுடையது, சுத்தமாக இருந்தது.

முதல் மாரத்தானை இதில் ஓடாதீர்கள், எவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தாலும் மே மாதம் அதற்கான மாதம் இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று ஓடியவராக இருந்தால் தாராளமாகச் சேரலாம், ஆனால் வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்தே சாயங்காலத்திலும் ராத்திரியிலும் ஓடிப் பழகிவிட்டு வாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வராதீர்கள், அதில் சில மாத்திரைகள் உடம்பு நீரை வெளியேற்றும். அந்த வாரம் காய்ச்சல் வந்திருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டிலேயே இருங்கள். தொடையிலும் அக்குளிலும் வாஸ்லின் தாராளமாகத் தடவுங்கள், எட்டாவது சுற்றில் மறுபடி தடவ ஒரு சின்ன டப்பாவையும் மாற்றுக் காலுறையையும் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப் பாதையில் உங்கள் பை எப்போதும் மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, அந்த வசதியை விடாதீர்கள். எட்டாவது முடிந்ததும் நான் காலுறையை மாற்றினேன், கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை.

4.12க்கு நான் முடித்தபோது எங்கோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி ஆரம்பித்திருந்தது. இட்லியும் சாம்பாரும் ஐந்து மணியிலிருந்து கொடுத்தார்கள். முக்கியமாக, முடித்த கையோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், ராத்திரி முழுக்கக் கண் விழித்து 42 கிலோமீட்டர் ஓடியவர் கையில் ஸ்டியரிங் இருப்பது சாலையில் இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து. நடத்தியவர்களும் அதை யோசித்து, கல்லூரி அரங்கத்தில் மின்விசிறிகளைப் போட்டு வரிசையாக ஜமக்காளம் விரித்து, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல்தான் கொடுத்தார்கள். நான் ஏழரை வரைக்கும் தூங்கினேன். தலையணை மட்டும் கிடையாது, வீட்டிலிருந்து ஒன்று கொண்டு போங்கள்.